கொட்டகை எந்த இடத்துல உடையுது? ஜவ்வாது மலையில் கால் நட்ட அனுபவம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்ததைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கொட்டகையைப் பத்தி. சுவர் கிடையாது, அஸ்திவாரம் கிடையாது. மண்ணுல குழி தோண்டி, கால் நட்டு, மேல கூரை போட்ட கொட்டகை. உலகத்துலயே ரொம்ப எளிமையான கட்டடம் இதுதான்னு நான் நினைச்சிருந்தேன். அது எவ்வளவு தப்புன்னு சொல்லத்தான் இந்த முக்கால் மணி நேரம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். மறுநாள் திருவண்ணாமலையில மலைச்சரிவு மண் சரிஞ்சு ஏழு பேர் இறந்தாங்க. அதே ராத்திரி ஜவ்வாது மலையிலயும் மழை கொட்டிச்சு. ஜமுனாமரத்தூர்ல இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சின்ன ஊர்ல என் காலேஜ் நண்பனோட வீடு இருக்கு. மலையாளி பழங்குடிக் குடும்பம். விடியற்காலையில அவங்க கொட்டகை அப்படியே ஒரு பக்கமா படுத்துடுச்சு. ஆடுகள் தப்பிச்சிடுச்சு. ஆனா அறுத்து, அடிச்சு, மூட்டை கட்டி வச்சிருந்த சாமை மொத்தமும் நனைஞ்சு போச்சு. மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு போகம் எடுக்கிற இடம் அது. நனைஞ்ச மூட்டை முளை விட்டா, அந்த வருஷத்துச் சாப்பாடும் போச்சு, அடுத்த வருஷத்து விதையும் போச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு நான் போனேன். நண்பனோட அப்பாவை நானும் அப்பான்னுதான் கூப்பிடுவேன். அவர் விழுந்த காலைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எட்டு வருஷம்தான் தம்பி ஆச்சு. மேல பாரு, கட்டை இரும்பு மாதிரி இருக்கு. அப்புறம் எப்படி விழுந்துச்சு?"

கால் ஏன் தரைமட்டத்துல சாகுது?

அந்தக் காலை நாங்க முழுசா தோண்டி எடுத்துப் பார்த்தோம். தைல மரக் கட்டை. மண்ணுக்கு மேல இருந்த பாகம் நல்லா இருந்துச்சு. ஆச்சரியம் என்னன்னா, மூணடி ஆழத்துல இருந்த அடிப்பாகமும் ஓரளவுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தரைமட்டத்துல மட்டும், மேலே ரெண்டு விரக்கடை, கீழே ஒரு சாண், அந்த இடத்துல பென்சில் சீவின மாதிரி மெலிஞ்சு ஒடிஞ்சிருந்துச்சு.

காரணம் எளிமையானது. மரத்தை மக்க வைக்கிறது பூஞ்சை. அது வாழ ஈரமும் வேணும், காத்தும் வேணும். மண்ணுக்கு மேல மழை நின்னதும் கட்டை காய்ஞ்சிடும், ஈரம் இல்லை. ஆழத்துல ஈரம் இருக்கு, ஆனா காத்து குறைவு. ரெண்டும் ஒண்ணா சேர்ற ஒரே இடம் தரைமட்டம். கரையானும் பெரும்பாலும் அங்கேதான் மண்கூடு கட்டி ஏறும். போதாததுக்கு, காத்து கொட்டகையைத் தள்ளும்போது கால் அதிகமா வளையுறதும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான். அதாவது எங்கே பலம் அதிகமா தேவையோ, அங்கேதான் மரம் முதல்ல செத்துப்போகுது.

இன்னைக்கு நான் சொல்லப்போற விஷயம் ஒண்ணுதான்: கூரையைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஒரு சாண் இடத்தைப் பத்தி யோசிச்சு முடிச்சிடணும்.

அமெரிக்காவும் ஒரு தெலுங்கு விஞ்ஞானியும்

கால் நட்ட கொட்டகை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கல்யாணத்துக்கு பந்தக்கால் நடுறதே இதோட சின்ன வடிவம்தான். ஆனா இதை ஒரு பொறியியல் முறையா மாத்தினது 1930கள்ல அமெரிக்கா. பொருளாதார வீழ்ச்சி காலம், விவசாயி கையில காசு இல்லை. பழைய தந்தி, டெலிபோன் கம்பங்களை மண்ணுல நட்டு, மேல தகரம் போட்டுக் கொட்டகை கட்ட ஆரம்பிச்சாங்க. அஸ்திவாரச் செலவே இல்லை. அந்தக் கம்பங்கள் ஏற்கனவே மருந்து ஏத்தினவை, அதனால மண்ணுல தாங்குச்சு.

மருந்து ஏத்துறதுல ஒரு பெரிய திருப்பம் நடந்தது இந்தியாவுல. 1933ல டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துல சோண்டி காமேசம் என்கிற விஞ்ஞானி தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணையும் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடிச்சார். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும். ஆர்சனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் இந்த ரெண்டையும் மழையில கரையாம மர நாரோட பிடிச்சு வைக்கும். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு உலகம் முழுக்கக் கம்பங்களைக் காப்பாத்தினது இந்தக் கலவைதான்.

ஆனா இதுல ஆர்சனிக் இருக்கு. அமெரிக்காவுல 2003 கடைசியோட வீட்டு உபயோக மரத்துக்கு இதைப் போடுறதை நிறுத்திட்டாங்க. இன்னொரு விஷயம்: இந்த மருந்தை உருளைத் தொட்டிக்குள்ள காத்தை உறிஞ்சிட்டு, அழுத்தம் கொடுத்துத்தான் மரத்துக்குள்ள ஏத்தணும். பிரஷ்ல தடவினா மேல்தோல்லயே நின்னுடும். நாங்க இருக்கிற மலையில அந்த வசதி இல்லை. ஆடு கட்டையை நக்கும், உடைஞ்ச துண்டு அடுப்புக்குப் போகும், மருந்து ஏத்தின மரத்தை எரிச்சா புகையும் சாம்பலும் விஷம். அதனால இந்த வழியை விட்டுட்டோம்.

அப்போ நல்ல மரமா போட்டா போதாதா?

போதும், கிடைச்சா. வைரம் பாய்ஞ்ச மரம், உதாரணமா ஆச்சா, வேங்கை மாதிரி, மண்ணுல ரொம்ப நாள் தாங்கும். அந்த ஊர்ப் பாட்டி சொன்னாங்க: "எங்க காலத்துல காட்டுல போயி ஒரு கட்டை பார்த்து வெட்டிக்கிட்டு வருவோம், அவ்வளவுதான்." இன்னைக்கு அது முடியாது. காப்புக்காட்டுல மரம் வெட்டுறது குற்றம். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்னு சேர்த்துக்குது; மரத்தை இல்லை. சொந்தப் பட்டாவுல நிக்கிற மரமா இருந்தாலும், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துற இடத்துல வெட்ட அனுமதி வாங்கணும்.

ஜவ்வாது மலையில இது வெறும் காகித விஷயம் இல்லை. சந்தனத்துக்குப் பேர் போன மலை அது. 2015 ஏப்ரல் 7 அன்னைக்கு சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ன இருபது பேர்ல இந்த மலைக்காரங்களும் இருந்தாங்க. கோடாலியும் கட்டையுமா ஒரு இளைஞன் நடந்து போனா என்ன கேள்வி வரும்னு அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா தெளிவா சொல்லிட்டார்: "பில்லு இல்லாத கட்டை ஒண்ணு கூட என் கொட்டகையில இருக்கக் கூடாது."

இங்கே சிட்டியில இருந்து கேக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. "மலையில ஒரு ஏக்கர் வாங்கி கொட்டகை போடலாமா"ன்னு நிறைய பேர் மெசேஜ் அனுப்புறீங்க. பழங்குடி மக்களுக்கு அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலத்தை நாம வாங்க முடியாது. "பேருக்கு எழுதிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்க குடும்பத்துக்கே நிலம் இருந்தாலும் முதல் வேலை குழி தோண்டுறது இல்லை. பட்டா, புலப்பட வரைபடம், காப்புக்காட்டு எல்லை, ஓடைப் புறம்போக்கு இந்த நாலையும் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட உறுதி செஞ்சுக்கங்க. உங்க வருவாய் கிராமம் மலைப்பகுதிப் பட்டியல்ல இருக்கான்னும் கேளுங்க, இருந்தா கட்டட விதிகள் வேற.

பதில் காலடியிலேயே இருந்துச்சு

மலையை விட்டுக் கீழே இறங்கினா போளூர், செங்கம் பக்கமெல்லாம் வேலி ஓரத்துல, கிணத்து மேட்டுல, மாட்டுக் கொட்டகையில கல்லுக்கால் நிக்கிறதைப் பார்க்கலாம். பாறையில வரிசையா ஆப்பு அடிச்சுப் பிளந்து எடுக்கிற கருங்கல் தூண். கல் மக்காது. கரையான் தின்னாது. இதே மலையில கீழ்சேப்பிலியில பெருங்கற்காலத்து மக்கள் பலகைக் கல்லை நிறுத்திக் கட்டின கல்திட்டைகள் இன்னும் நிக்குது. தரைமட்டப் பிரச்சினைக்கு இந்த மாவட்டம் எப்பவோ பதில் கண்டுபிடிச்சிருக்கு. நான்தான் யூடியூப்ல அமெரிக்க வீடியோ பார்த்துட்டு இருந்தேன்.

கல்லுக்கும் குறை உண்டு. மேல இருந்து எவ்வளவு பாரம் வச்சாலும் தாங்கும், ஆனா வளையாது. பக்கவாட்டுல டிராக்டர் இடிச்சா பட்டுன்னு ஒடியும். கனம் வேற. ஆறு இஞ்சுக்கு ஆறு இஞ்சு, பத்தடி நீளக் கல்லு ஒண்ணு கிட்டத்தட்ட 190 கிலோ. மலைப்பாதையில ஏத்திக் கொண்டு வந்த வண்டி வாடகை கல்லு விலையைத் தாண்டிடுச்சு. இருந்தும் அப்பா கணக்குப் போட்டது வேற மாதிரி: "எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை கால் மாத்துறதுக்கு இது ஒரு தடவை செலவு. என் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

திட்டம்: இருபதுக்கு முப்பது

அளவு இருபதடி அகலம், முப்பதடி நீளம். நீளவாக்கு கிழக்கு மேற்கா வச்சோம், அப்போ உச்சி வெயில் உள்ளே அடிக்காது. ரெண்டு ஓரத்துலயும் பத்தடிக்கு ஒரு கல்லுக்கால், பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. மூணடி மண்ணுக்குள்ள, ஏழடி வெளியே. முகட்டைத் தாங்க நடுவுல நாலு மரக்கால், பத்தடி உயரம். இதுதான் முக்கியம்: இந்த நாலும் மண்ணைத் தொடவே தொடாது. ஓரடி உயரப் பீடத்து மேல, கான்கிரீட்ல புதைச்ச இரும்புப் பட்டையில போல்ட் போட்டு நிக்குது. கூரைக்கு அடியில, காய்ஞ்ச இடத்துல இருக்கிற மரம் மக்காது.

இடம் தேர்ந்தெடுக்கிறப்போ மூணு விஷயம் பார்த்தோம். சரிவுல மேலிருந்து வர்ற தண்ணி எந்தப் பக்கம் போகும்? பெரிய கிளை எது மேல விழும்? வண்டி திரும்ப இடம் இருக்கா? பழைய கொட்டகை பெரிய புளிய மரத்துக்குக் கீழே, பள்ளத்துல இருந்துச்சு. புதுசை இருபது தப்படி மேலே மேட்டுக்கு நகர்த்தினோம். மேல்பக்கம் பிறை மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டி, தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம்.

மூலைமட்டம் பார்க்க ஒரு நூல்கண்டு போதும். 3, 4, 5 கணக்கு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்: ஒரு பக்கம் மூணடி, இன்னொரு பக்கம் நாலடி, குறுக்கே அஞ்சடி வந்தா மூலை சரி. முழுக் கொட்டகைக்கும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளக்கணும். இருபதுக்கு முப்பதுன்னா 36 அடி முக்கால் இஞ்ச் வரும். எங்களுக்கு முதல் தடவை ரெண்டுக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம். ஆசாரி சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இப்பவே முளைக்குச்சியைப் பிடுங்கி மாத்து தம்பி. கல்லு நட்டுட்டா அப்புறம் ஷீட்டுதான் கோணலா போவும்."

காத்து தள்ளாது, தூக்கும்

நான் கத்துக்கிட்ட பெரிய பாடம் இது. கூரை கீழே விழாம தாங்குறதுதான் காலோட வேலைன்னு நினைப்போம். சுவர் இல்லாத தகரக் கொட்டகைக்கு நிஜமான ஆபத்து, கூரை மேலே பறக்கிறது.

இந்தியத் தர நிர்ணயத்துல காத்தழுத்தத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கு. வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகமோ, அதை வர்க்கமாக்கி 0.6 ஆல பெருக்கணும். மணிக்கு 100 கிலோமீட்டர் காத்துன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடை அளவு விசை. எங்க கூரை, ரெண்டடி இறவாரமும் சேர்த்து, சுமார் 76 சதுர மீட்டர். அழுத்தம் முழுக்க மேல்நோக்கி வேலை செஞ்சா மூன்றரை டன். தகரத்தோட மொத்த எடை 350 கிலோதான். மிச்சத்தை யாரு பிடிச்சு வைக்கிறது? கால்தான். வெளிக்கால் ஒண்ணு 300 கிலோவைக் கீழே இழுத்துப் பிடிக்கணும். நடுக்காலுக்கு 400க்கு மேல.

அதனால வெளிக்காலுக்கு ஒன்றரை அடி அகலக் குழி. அடியில ஆறு இஞ்ச் ஜல்லி, அது மேல கல்லு, கல்லைச் சுத்தி ஓரடிக்குக் கான்கிரீட் வளையம், அதுக்கு மேல மண்ணை அரை அரை அடியா போட்டு இரும்புக் கடப்பாரையால இடிச்சோம். கல்லோட சொந்த எடை, வளையத்தோட 120 கிலோ, அது மேல இருக்கிற மண்ணு எல்லாம் சேர்ந்தா கணக்கு தாண்டிடுது. நடுக்காலுக்கு ரெண்டடிக்கு ரெண்டடி, ரெண்டடி ஆழக் கான்கிரீட் கட்டி, ஒவ்வொண்ணும் 540 கிலோ.

மரக்கால்தான் நடுவேன்னு முடிவு செஞ்சவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கட்டையைச் சுத்திக் கான்கிரீட்டைக் கிண்ணம் மாதிரி ஊத்திடாதீங்க. மரம் சுருங்கி இடைவெளி விழும், அதுல தண்ணி தேங்கும், தரைமட்டச் சாவு இன்னும் சீக்கிரம் வரும். கான்கிரீட்டை அடியில மட்டும் போட்டு, மேல மண்ணை இறுக்கி, காலைச் சுத்தித் தண்ணி வெளியே ஓடுற மாதிரி மேடு கட்டுங்க.

கால் மட்டும் பிடிச்சா போதாது. ஷீட்டுல இருந்து ரீப்பர், ரீப்பர்ல இருந்து கைமரம், கைமரத்துல இருந்து உத்திரம், உத்திரத்துல இருந்து கால்னு இழுவை சங்கிலி மாதிரி இறங்கி வருது. ஒரு இடத்துல வெறும் ஆணி இருந்தா அங்கே பிடுங்கிக்கும். பழைய கொட்டகையில உத்திரத்தைக் கட்டுக்கம்பியால சுத்தி வச்சிருந்தாங்க. புதுசுல கல்லு உச்சியில துளை போட்டு, இரும்புப் பட்டை வச்சு, போல்ட் முடுக்கினோம். ஷீட்டுக்கு ரப்பர் வாஷர் வச்ச ஸ்குரூ, ஓரங்கள்ல நெருக்கமா.

இன்னொண்ணு: மூணு பக்கம் அடைச்சு ஒரு பக்கம் திறந்து விடுற பழக்கம் நிறைய இருக்கு. திறந்த பக்கத்துல இருந்து காத்து அடிச்சா உள்ளே புகுந்து வெளியேற வழி இல்லாம கூரையைக் கீழே இருந்து தள்ளும். மேலேயும் இழுக்கும், கீழேயும் தள்ளும். நாங்க தானிய மூட்டைக்கு மட்டும் ஒரு மூலையில பரண் கட்டி, மூங்கில் தட்டி வச்சோம். மத்ததெல்லாம் திறந்த வெளிதான்.

எங்கே கோட்டை விட்டோம்?

மாசியில ஆரம்பிச்சு பங்குனி கடைசியில முடிச்சோம். ஐப்பசி மழையில ஒரு தப்பு தெரிஞ்சது. ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சாலே அந்தக் கூரையில இருந்து 750 லிட்டர் தண்ணி இறங்குது, கிட்டத்தட்ட ஐம்பது குடம். அது சொட்டுற கோட்டுல மண்ணு அரிச்சு வாய்க்கால் மாதிரி ஆயிடுச்சு. இறவாரத்தை ரெண்டடி நீட்டியிருந்ததால கால் தப்பிச்சுது. இப்போ அந்தக் கோட்டுல ஜல்லி கொட்டியிருக்கோம். முதல்லயே ஒரு தகர மடை வச்சு ஒரு டிரம்முல பிடிச்சிருந்தா ஆட்டுக்குத் தண்ணியாவது கிடைச்சிருக்கும். அது அடுத்த வேலை.

அந்த வருஷச் சாமை பரண் மேல ஏறிடுச்சு. நான் போனப்போ ராத்திரி நல்ல காத்து. தகரம் சத்தம் போட்டுச்சு, நான் தூங்கலை. டார்ச் எடுத்துக்கிட்டு வெளியே வந்தா, அப்பா ஏற்கனவே கொட்டகையில நின்னு ஒரு கல்லுக்கால் மேல உள்ளங்கையை வச்சுப் பார்த்துட்டு இருந்தார். "ஆடுதாப்பா?"ன்னு கேட்டேன். "இல்ல தம்பி, நீ போய்ப் படு"ன்னார்.

நீங்க எங்கேயாவது கொட்டகை போடப் போறீங்கன்னா, போற வழியில ஒரு பழைய கொட்டகையைப் பாருங்க. கூரையைப் பார்க்காதீங்க. குனிஞ்சு, கால் மண்ணுல இறங்குற இடத்துல ஒரு சாவியால குத்திப் பாருங்க. சாவி உள்ளே போச்சுன்னா, அது இன்னும் எத்தனை மழை தாங்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

உங்க ஊர்ல காலுக்கு என்ன போடுறாங்க, பனையா, கல்லா, இரும்புக் குழாயா, அது எத்தனை வருஷம் நின்னுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.